இல்லாத சின்னம்மாவின் மகள்

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். புதூர் பக்கம் ஒரு சிற்றூர். கொத்தமல்லி அறுப்பு முடிந்து தெருவெல்லாம் அதன் வாசம்.

நான் சமூகவியல் பேராசிரியை. செல்போன் வந்த பிறகு மக்கள் யாரை நம்புகிறார்கள், யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் ஆராய்ச்சி. வதந்தி எப்படிப் பரவும் என்று கருத்தரங்குகளில் விலாவாரியாகப் பேசியவள். பெரிய ஆள் என்ற நினைப்பும் உண்டு.

அன்று தனியாகப் போயிருந்தேன். முதல் தெருவில் வழக்கமான கேள்விகள். பிள்ளைகள் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறார்கள், அப்போது வீட்டில் பெரியவர்கள் இருப்பார்களா? அடுத்த தெருவில், வாசலில் கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பதில் சொல்ல ஒப்புக்கொண்டார். என்னைவிடச் சின்னவர்.

"முன்பின் தெரியாதவங்களை நம்புவீங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படி நம்ப முடியும்? மாட்டேன்" என்றார் சுளகிலிருந்து கண்ணெடுக்காமல். அப்படியே பதிந்துகொண்டேன்.

அப்போது அவர் போன் சிணுங்கியது. பார்த்தவர் திரையை என் பக்கம் திருப்பினார். ஊர் வாட்ஸப் குழுவில் என் போட்டோ! பிள்ளை பிடிக்கிறவள் வந்திருக்கிறாள், வீடு வீடாக விசாரிக்கிறாள் என்று கீழே எழுதியிருந்தது. பையிலிருந்து கல்லூரி அடையாள அட்டையைத் துழாவி எடுத்தேன்.

"அதை உள்ள வைங்கக்கா. இப்போ அதையா படிக்கப் போறாவ?" என்றவர், போனை வாயருகே வைத்துக் குழுவுக்கே குரல் பதிவு அனுப்பினார். "ஏலே, போட்டோவுல இருக்கது எங்க சின்னம்மா மவ. என் அக்கா. காலேஜ் டீச்சர். என் வீட்டுலதான் இருக்காவ."

அதற்குள் நாலைந்து பைக்குகள் வாசலில் வந்து நின்றன. முதலில் இறங்கியவர் அவருடைய கணவரின் தம்பி. முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன கொழுந்தனாரே, எங்க அக்காவை வாங்கன்னு கேக்க மாட்டியளோ?"

வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களை 'வாங்க' என்று கேட்காமல் இருப்பது எங்கள் பக்கம் பெரிய மரியாதைக்குறைவு. கேட்டுவிட்டால் அப்புறம் சண்டைக்கு நிற்க முடியாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க மைனி" என்றார், அண்ணி முறை வைத்து.

பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு 'வாங்க' சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பினார்கள்.

காப்பி குடித்ததும் அந்தக் கொழுந்தனாரே என்னை பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டார். கோவில்பட்டி பஸ் தூரத்தில் தெரிந்தபோது மெதுவாகச் சொன்னார். "எங்க மைனிக்குச் சின்னம்மாவே கெடையாது. அது ஊருக்கே தெரியும்."

அவர் சிரித்தபடி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்.

என் ஆய்வில் அந்தப் பெண்ணின் பதில் இன்றும் 'மாட்டேன்' என்றுதான் இருக்கிறது. மனிதர்கள் சொல்லும் பதிலை மட்டும் வைத்து அவர்களை எடைபோடத் துணியும்போதெல்லாம், என்னைத் தன் அக்கா என்று சொல்லி நின்ற அவரும், பொய்யென்று தெரிந்தே 'வாங்க மைனி' என்ற அந்த ஊரும் என் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறார்கள்.