மெஷினுக்கு வைத்த மூக்கு

தயிரில் மரம் கசக்கும். எங்கள் வீட்டில் எத்தனை தட்டு போட்டு மூடினாலும் உறைந்த தயிரின்மேல் பழுப்பாக ஓர் ஏடு படிந்திருக்கும். அதை விரலால் வழித்து எறிந்துவிட்டுத்தான் எல்லோரும் தயிர் சாப்பிடுவார்கள் என்று பத்து வயதுவரை நம்பியிருந்தேன்.

திருத்தணியில் எங்கள் சமையலறைக்கும் நைனாவின் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், அதிலும் மேலே காற்றுக்கென்று விட்ட ஓட்டை. நைனா, என் அப்பா, கதவும் நிலையும் செய்பவர். கையால் இழைத்தவரை மரம் சுருள் சுருளாகக் கீழே விழுந்தது, வட்ட ரம்பமும் இழைப்பு மெஷினும் வந்த பிறகு மாவாகப் பறந்தது. 'தூளு' என்போம். அது பாயில் இருந்தது, உப்பில் இருந்தது, அம்மாவின் நெஞ்சிலும் இருந்தது.

அம்மாவுக்கு 'இழுப்பு' என்ற மூச்சுத்திணறல் வந்து, தூள் இருக்கும் இடத்தில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது நைனா சிரித்தார். "எங்க நைனா இதுலயே பொறந்து எண்பது வயசு இருந்தாரு. மரத்தூளு இன்னா வெஷமா?" அந்த எண்பது வயதுக்காரர் கையால் மட்டுமே இழைத்தவர் என்பதை அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆர்.கே.பேட்டை அரிசி மில்லில் மெக்கானிக். "மில்லுல உமிய இழுக்கறோம் இல்ல, அதே மாரிதாங்க்கா இதுவும்" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்றை இழுத்துத் தள்ளும் பழைய பிளோயர் ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். ரம்பத்துக்கு அடியில் தகரப்பெட்டி பொருத்தி, அதிலிருந்து தடித்த குழாய் ஒன்றைக் கூம்பாக வளைத்த தகரத்துக்குள் விட்டார். காற்று அதற்குள் சுழலும்போது கனத்த தூள் கீழே வைத்த பேரலில் இறங்கிவிடும். மாவு போன்றது பிளோயர் வழியே போய், சுவருக்கு வெளியே கட்டிய துணிப்பையில் தங்கும். பையைக் கெட்டித் துணியில் இரண்டு மடிப்பாகத் தைத்தவள் அம்மா. மூட்டுக்கு மூட்டு ஊதுபத்தியைக் காட்டி, புகை எங்கே உள்ளே இழுபடுகிறது என்று பார்த்து, அங்கெல்லாம் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியவளும் அவள்தான். அந்த வாரம்தான் முதன்முதலாக வெள்ளைத் தயிரைப் பார்த்தேன். அம்மா இருமாமல் ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. நைனாவின் கூட்டாளி ஒருவர் பட்டறை வாசலில் நின்று, "இன்னாபா, பொண்டாட்டிக்கு மூச்சு வாங்குதுன்னு மெஷினுக்கு மூக்கு வச்சிகினு இருக்கியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நைனாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, சத்தத்தில் தலை வலிக்கிறது என்று குழாயைக் கழற்றி மூலையில் போட்டார். ஒரு கேலிக்கு அம்மாவின் மூச்சைவிட எடை அதிகம் என்று அன்று தெரிந்துகொண்டேன்; அந்தக் கோபம் இன்றுவரை தணியவில்லை.

அம்மா அழவில்லை. மறுநாள் காலையில் மெஷின்களின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நைனா கத்தினார். இரண்டாம் நாள் நைனாவின் கூடப்பிறந்தவளான அத்தை வந்து, "ஆம்பள தொழில்ல கை வெக்கலாமா?" என்று நியாயம் பேசினாள். அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது: "கொழாய மாட்டட்டும், தர்றன்." மூன்றாம் நாள் கிரகப்பிரவேசத்துக்குக் கதவு கேட்டு வந்தவர் வெயிலில் காத்து நிற்க, நைனா யார் முகத்தையும் பார்க்காமல் குழாயை மாட்டினார். அதன்பின் கழற்றவேயில்லை. ஆனால் அதற்குள் உள்ளே போனது போனதுதான். எந்த பிளோயரும் அதை வெளியே இழுக்கவில்லை.

இன்று அந்தப் பட்டறை பார்சல் வைக்கும் கிடங்கு. பிளோயர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கோயில் மலைப்படியைச் சிரித்துப் பேசிக்கொண்டே ஏறிய அம்மாவும் இப்போது இல்லை. இருப்பவள் மருந்தை உறிஞ்சி உறிஞ்சி வீட்டுக்குள் நடப்பவள். போன பொங்கலுக்கு என் மாமனார் வந்திருந்தபோது நைனா, "ஊட்டுக்குள்ள தூளு வரக்கூடாதுன்னு அந்தக் காலத்துலயே மெஷின் வச்சவன் நானு" என்றார். அன்று நியாயம் பேசிய அதே அத்தை "ஆங்" என்று தலையாட்டினாள்.

அம்மாவுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. நான் சொன்னேன். யார் கொண்டுவந்தது, யார் தைத்தது, யார் கழற்றியது, எல்லாவற்றையும் வந்தவர்கள் முன்னாலேயே சொன்னேன். நைனா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதிகம் பேசிவிட்டேனோ என்று அம்மாவைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்" என்றாள், நடுவில் இரண்டு முறை நிறுத்தி.