நூற்றுப் பதினான்கு வசனங்கள்

"மூணாம் அதிகாரம், எட்டாம் வசனம். வலப்பக்கம் தேக்கு வேரு. வலது பெடலு மேல. பிரேக்கு நக்கோ, தொடப்படாது."

கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கிறார் ஜோசியா. சைக்கிள் நகரவில்லை. பின் சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் ஏற்றி வைத்திருக்கிறார். செகந்திராபாத் லோத்குண்டாவில் அவர் வீட்டு முதல் மாடிப் பால்கனியில் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. எதிரே ராணுவ நிலத்தின் மதிலும் வேப்ப மரங்களும். காலை ஆறரை மணி. கொடியில் காயும் புடவை ஒவ்வொரு மிதிக்கும் லேசாக ஆடுகிறது.

"ஒம்பதாம் வசனம். மண்ணு எளகிக் கெடக்கும். ஒடம்பப் பின்னால தள்ளணும்." சீட்டிலிருந்து எழுந்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறார். கம்பியில் உட்கார்ந்திருந்த புறா பயந்து பறக்கிறது. மனுஷனுக்கு ஐம்பத்தொன்பது வயது.

மௌலா அலிப் பக்கம் ஒரு மத்திய அரசு ஆலையில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். நான் ஸ்டோர்ஸ். அவர் சோதனைப் பிரிவு. உலோகக் குழாய்களை விளக்குக்குக் கீழே உருட்டி உருட்டிப் பார்த்து, மயிரிழைக் கீறல் தென்பட்டால் சாக்பீஸால் வட்டமிடுவது அவர் உத்தியோகம். முப்பத்தோரு வருஷம் அதைச் செய்தார். கருவிகள் வந்த பிறகும் இவரிடம் ஒரு தரம் காட்டிவிட்டுத்தான் குழாயை அனுப்புவார்கள். கான்டீனில் எதிர் வரிசைக்காரன் சோற்றில் கல் கிடந்தால் இங்கிருந்தே சொல்லிவிடுவார். போன வருஷம் திடீரென்று முதுகுவலி என்று எழுதிக் கொடுத்து ஆவணப் பிரிவுக்கு மாறிக்கொண்டார். முதுகுவலிக்காரர் தினம் காலையில் பால்கனியில் மலையேறுகிறாரே என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அசடு.

எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகை வந்தால் எங்கள் ஆலையில் அவனவன் அந்தமான் போவான், காஷ்மீர் போவான், திரும்பி வந்து ஆறு மாதம் போட்டோ காட்டி உயிரை வாங்குவான். ஜோசியா தசரா லீவில் நான்கு நாள் விகாராபாத் தாண்டி அனந்தகிரி மலைக்குப் போவார். பதினைந்து வருஷமாக அதே மலை, அதே விடுதி, அதே காட்டுப் பாதை. வாடகை வேனின் தலையில் சைக்கிளைக் கட்டுவார். உள்ளே மனைவி பெர்சிஸ் மடியில் முந்திரிக்கொத்து டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். மகள் ஜெமிமாவுக்குத் தமிழில் திட்டினால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். "டாடி, ஒய் த சேம் பிளேஸ் எவ்ரி இயர்?" என்று அவள் ஒருநாள் சலித்துக்கொண்டபோது நான் அங்கே இருந்தேன். "கைக்கு? ஏன்னா கேக்கே? ஒரே பாட்ட நூறு தடவ கேக்கியே, பாதன்னா மட்டும் ஒருக்காதான் போணுமோ?" என்றார்.

அந்தப் பதினோரு கிலோமீட்டரை அவர் ஏழு அதிகாரமாகப் பிரித்து வைத்திருக்கிறார். மொத்தம் நூற்றுப் பதினான்கு வசனம். ஒரு வளைவு ஒரு வசனம். ஒரு பாறை ஒரு வசனம். மூங்கில் முகத்தில் அடிக்கும் இடமும் ஒரு வசனம். செகந்திராபாத் தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கும் போட்டி உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவரின் மகன் ஜோசியா ஏழு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கினார். பரிசு என்ன, எவர்சில்வர் டம்ளர்தான். ஏழும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அதற்கெல்லாம் ஒரு தனி மூளை வேண்டும். எனக்கு என் ஸ்கூட்டர் நம்பரே மறந்து போகும். பொழுது போகாமல் பாதையை ஒப்பிக்கிறார் என்றுதான் கேலி பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த ஜூன் மாதம் ஆபீஸ் வேலையாகப் பேகம்பேட்டுக்குப் போயிருந்தோம். டீக்கடையில் டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கை அவர் காதுக்கு நேராக நிற்கிறது, மனுஷன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னய்யா, டீ ஆறிண்டிருக்கு" என்றேன். தலையை முழுதாகத் திருப்பி, கிளி மாதிரி ஒரு பக்கம் சாய்த்து, மேலும் கீழும் தேடி அப்புறம்தான் டம்ளரைக் கண்டுபிடித்தார்.

"கொழா வே," என்றார் தணிந்த குரலில். "கொழாய்க்குள்ள பாக்குத மாதிரி. நேரா இருக்கது தெரியும். சுத்தி ஒண்ணுங் கெடயாது. மாசாமாசம் கொழா சின்னதாயிக்கிட்டே வருது."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது. போன பார்வை போனதுதான். சொட்டு மருந்து மிச்சத்தைக் கொஞ்ச நாள் காப்பாற்றும், அவ்வளவே. அந்த மருந்துப் புட்டியைச் சைக்கிள் சீட்டுக்கு அடியில், பஞ்சர் ஒட்டும் சாமான் வைக்கிற பைக்குள்ளே ஒளித்து வைத்திருக்கிறார். பெர்சிஸ் அந்தப் பையைத் திறக்க மாட்டார் என்று அவருக்கு நம்பிக்கை.

"ஆத்துக்காரிட்ட சொல்லலையா?" என்று கேட்டேன்.

"மூச்சு விடப்படாது வே. எங்கப்பாவுக்கும் இதே கேடுதான். பன்னெண்டு வருசம் எங்கம்மா கையப் புடிச்சித்தான் கோயிலுக்குப் போனாரு, கக்கூசுக்குப் போனாரு. ஒரு கல்யாணங் காச்சின்னு அவ தனியாப் போனதில்ல. அப்பா செத்த மறுவருசம் அவளும் போயிட்டா. பெர்சிஸுக்கு மார்ச்சுல டீச்சர் வேல முடியுது, ரிட்டயராயிருவா. கோயில் கொயர்ல பாடச் சேரணுங்கா, அவ அக்காகூட ஊர் ஊராச் சுத்தணுங்கா. அவளக் கைத்தடி ஆக்கச் சொல்லுதீரா? முழுசா அணையுத வரைக்கும் சொல்ல மாட்டேன்."

"அப்ப இந்தச் சைக்கிள்?"

"வர்ற தசராவுக்கு ஒருக்கா. ஏழு அதிகாரமும் நிக்காம. அதோட சரி. நீர் பின்னால வாரும். பாத எனக்குத் தெரியும். மழையில எங்கயாது மாறியிருந்தா அத மட்டும் சொல்லும்."

பாடபேதம் பார்க்கக் கூப்பிடுகிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சைக்கிளைத் தொட்டு இருபது வருஷமான தொந்திக்காரன் நான். உமக்கென்ன பைத்தியமா, எலும்பு முறிந்தால் யார் ஜவாப் என்று நடுக்கடையில் கத்தினேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சரி என்றுவிட்டேன். எதற்காகச் சரி என்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பெர்சிஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை ஹாலையே திருப்பிப் போடுகிற பெண்மணி அவர். சோபா ஜன்னலுக்குப் போகும், டிவி வாசலுக்கு வரும். ஒரு வருஷமாக அந்த வீட்டில் ஒரு முக்காலிகூட நகரவில்லை. வழியில் கிடக்கும் செருப்பெல்லாம் சுவரோரம் ஒதுங்கிவிட்டன. வயதாகிறது, முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தசராவுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு விடுதியின் பின்வாசலிலிருந்து கிளம்பினோம். எனக்கு விடுதியின் வாடகைச் சைக்கிள். ஜோசியா தம் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "ஹவ், சரிதான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பெர்சிஸ் ஹெல்மெட் பட்டையை இழுத்துச் சரிபார்த்தார். பாதை தார் ரோட்டில் போய்ச் சேரும் இடத்துக்கு ஆட்டோவில் வந்து காத்திருப்பது அவர் வழக்கம். "அத்தானப் பாத்துக்கிடுங்க, கிட்டு அண்ணா," என்றார். மனைவிமார் எல்லோரும் சொல்வதுதானே என்று தலையை ஆட்டினேன்.

என்ன சொல்ல, அழகாகத்தான் ஓட்டினார். "ரெண்டு, பதினொண்ணு. பாற. எடதுல ஏறு." பாறை இருந்தது. "நாலு, மூணு. மூங்கி. தலயக் குனி." மூங்கில் இருந்தது, நான் குனியாமல் முகத்தில் வாங்கிக்கொண்டேன். செம்மண் சரிவில் அவர் இறங்குவதைப் பார்த்தால் கண் தெரியாதவர் என்று சத்தியம் செய்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். இரண்டே இடத்தில் எனக்கு வேலை வந்தது. ஒரு கிளை முறிந்து கிடந்தது. ஓரிடத்தில் மழை பாதையைப் பாதி அரித்திருந்தது. கத்தினேன். இறங்கி, காலால் தடவிப் பார்த்து, "இனி இது ரெண்டு வசனம்" என்று கணக்கைத் திருத்திக்கொண்டு மறுபடி ஏறினார். அடுத்த வருஷமும் வரப்போகிறவரைப் போல.

ஐந்தாம் அதிகாரம் முடிகிற இடத்தில் பாதை மலை விளிம்புக்கு வருகிறது. கீழே ஏரி. ஜனங்கள் ஹைதராபாத்திலிருந்து இத்தனை தூரம் வருவதே அதைப் பார்க்கத்தான்.

"ஏரி நெறஞ்சிருக்கா வே?" என்று முன்னாலிருந்து கேட்டார். தலை திரும்பவில்லை.

சொல்ல வேண்டுமே என்று பார்த்தேன். இந்த வருஷம் நல்ல மழை. தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மேலே வெள்ளையாக மூட்டம். வெயில் அப்போதுதான் ஒரு ஓரத்தில் இறங்குகிறது. "ததும்பறதுய்யா" என்றேன். பார்த்தவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பத்து நொடி இருக்கும்.

ஜீப் வராமல் தடுப்பதற்காகப் பாதைக்குக் குறுக்கே புதிதாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். போன தசராவுக்கு அது இல்லை. அவர் முன் சக்கரம் அதில் இறங்கி நின்றது. மனிதர் சைக்கிளுக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் விழுந்தார். தப்பு என்னுடையது. யார் என்ன சமாதானம் சொன்னாலும் என்னுடையதுதான்.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. முன் சக்கரம் அப்பளமாக நெளிந்திருந்தது. நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. அவர் எழுந்து நின்று முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். என்னைத் தேடுகிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"எத்தனையாவது வசனத்துல நிக்கேன்?"

"ஆறாம் அதிகாரம்னு நெனைக்கிறேன்."

"வசனத்தக் கேக்கேன் வே."

எனக்கு எப்படித் தெரியும்? அவர் உதடு அசைந்தது. ஆறு, ஒன்று என்று ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஐந்தாம் அதிகாரத்துக்குப் போனார். அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. முப்பத்தோரு வருஷம் பழகியவன் சொல்கிறேன்.

"நடுவுல அறுந்துட்டா வராது," என்றார். "சின்னப் புள்ளையிலருந்தே அப்படித்தான். மொதல்லருந்துதான் சொல்ல வரும்."

முதலிலிருந்து சொல்ல ஏழு கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். சைக்கிளும் ஓடாது. அவரும் அதைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. குனிந்து மண்ணைத் தட்டிவிட்டு என் தோளில் கையை வைத்தார். நெளிந்த சைக்கிளை ஒரு கையிலும் என் சைக்கிளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். மீதிப் பாதை முழுக்க அவர் ஒரு வசனமும் சொல்லவில்லை. பாறை வந்தால் நான் சொன்னேன், வேர் வந்தால் நான் சொன்னேன். அவர் "ம்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. அவருக்குத் தெரியவா போகிறது என்று அழுதேன்.

பஸ் ஹாரன் கேட்டதும் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சைக்கிளக் குடும். இனி நான் தள்ளிக்கிட்டு வாரேன். சக்கரம் கல்லுல மாட்டிச்சின்னு சொல்லிக்கிடலாம்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், தலையை வாரினார், நிமிர்ந்து நடந்தார். தார் ரோட்டின் விளிம்பு காலில் பட்டதும் நின்று, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டார்.

பெர்சிஸ் அவருக்கு இடப் பக்கத்தில், இரண்டு கை நீளத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஜோசியா நேரே பார்த்தபடி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பெர்சிஸ் வந்துட்டாளா? வரலன்னா இந்த ரத்தத்தத் தொடச்சிக்கிடுதேன். விழுந்தது தெரிஞ்சா அவ ஆயிரங் கேள்வி கேப்பா."

பெர்சிஸைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கணவரின் முழங்கையை ஒரு தரம் பார்த்தார். பேசாதே என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சத்தமில்லாமல் ரோட்டோரமாக முப்பது அடி தள்ளிப் போனார்.

"இல்லைய்யா, இன்னும் வரலை. தொடச்சுக்கோ," என்றேன்.

அவர் துடைத்து முடித்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்ளும் வரை பெர்சிஸ் அங்கேயே நின்றார். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு, அது தாரில் பட்டுப் படபடவென்று அடிக்க, வேகமாக நடந்து வந்தார்.

"அத்தான்! வந்தாச்சா? ஆட்டோக்காரன் லேட்டாக்கிட்டான்!"

ஜோசியா கிழிந்த முழங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மறு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, குரல் வந்த திசையைப் பார்த்துப் பெரிதாக ஆட்டினார்.

"ஒன்ன அந்தத் திருப்பத்துலயே பாத்துட்டேன்லா!"