கட்டடத்துக்கு ஒரு கழுத்துப்பட்டி

கனடாவில், எங்கள் ஸ்காபரோ கட்டடத்து ஆண்களுக்கெல்லாம் அப்போது ஒரே ஒரு கழுத்துப்பட்டிதான். கரும்நீலம். கட்டிய முடிச்சோடு எங்கள் வீட்டுக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கும். வேலைக்கு நேர்முகம் என்று யாருக்காவது அழைப்பு வந்தால் வாங்கிப் போவார்கள். தலைவழியே மாட்டி, இறுக்கி, போய், வந்து, இளக்கி, மறுபடி ஆணியில். எத்தனை கழுத்து, எத்தனை வியர்வை, எத்தனை 'யெஸ் சேர்'. முடிச்சு மட்டும் அவிழாது. அதைக் கட்டிய அண்ணை ஒஷாவாவுக்கு வீடு மாறிப் போய்விட்டார். அவிழ்த்தால் கட்ட ஆளில்லை என்பது பாலர் வகுப்பிலிருந்த எனக்கே தெரியும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஓர் அலுவலகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. மேசை, நாற்காலி, ஜன்னல் உள்ள வேலை. அன்று காலை எல்லாம் திருத்தமாக இருக்க வேண்டுமென்று சேட்டுக்கு அயர்ன் போட்டார். சூடு மிச்சமிருந்தது. கழுத்துப்பட்டியையும் எடுத்தார், அவிழ்த்தார்.

அப்பா வெறும் ஆணியைப் பார்த்தார். பிறகு, "உந்த முடிச்சை ஏனடா அவிட்டனி?" என்றார்.

"சுருங்கிக் கிடந்தது, அத்தான்."

ஒஷாவாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அண்ணையின் குரல் சமையலறை வரை கேட்டது. "பெரிய வால் மேலாலை வரும். பிறகு கை தன்ரபாட்டிலை ஒரு பக்கம் போகும். எந்தப் பக்கமெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? ஆளைக் கொண்டா, கட்டிவிடுறன்."

கைத்திறன், கலை, காரியம் தெரிந்த அறிவு எல்லாவற்றுக்கும் பழைய கிரேக்கர் 'தெக்னே' என்று ஒரே சொல்லை வைத்திருந்தார்களாம். தெரிந்தவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் தெரியவேண்டும் என்பது அவர்களில் சிலர் கட்சி. அண்ணை அந்தச் சோதனையில் தேறியிருக்க மாட்டார்.

அப்பா கட்டினார்; சப்பாத்து நூல் போல வந்தது. மாமா கட்டினார், ஒரு வால் இடுப்புக்குக் கீழே போக, மற்றது நெஞ்சோடு நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமாவின் முகம் ஏற்கெனவே கோப்பைகளிடம் திரும்பத் தொடங்கியிருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உமக்கு உது விளங்காது. நீர் தோசையைப் பாரும்," என்றார் அப்பா.

அம்மா அதை மாமாவின் கையிலிருந்து உருவி, கண்ணாடிக்கு முன்னால் போய்த் தன் கழுத்தில் போட்டார். மேலே, சுற்றி, கீழே, உள்ளே. முடிச்சு தொண்டைக்குழியில் வந்து குந்தியது.

"அக்கா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்துக்கு நான் கழுத்திலை என்னத்தைக் கட்டிக்கொண்டு போனனான்? உன்னையும் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டுதானே போனனான்."

அப்பா தோசையைப் பார்க்கப் போனார்.

மாமாவுக்கு அந்த வேலை கிடைத்தது. இன்று ஸ்ரௌவ்வில்லில் அவர் வீட்டு அலுமாரியில் கழுத்துப்பட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன, எல்லாமே முடிச்சோடு. எல்லாம் அம்மா கட்டியவை.

அன்று முடிச்சை இளக்கித் தலைவழியே கழற்றிக் கொடுப்பதுதான் மிச்சம். அம்மா கழற்றவில்லை. வீட்டுச் சட்டைக்கு மேல் அந்த நீலத்தோடு, பின்னலை எடுத்து முன்தோளில் விட்டு, நாடியை நிமிர்த்திக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்.

"அக்கா, பஸ் போகப்போகுது."

"பொறு," என்றார் அம்மா.

முடிச்சு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். அது முதலிலேயே நேராகத்தான் இருந்தது.