மூன்றாவது பேச்சு

நெஸு மொரியோவுக்குக் கெட்ட செய்தி சொல்லத் தெரியாது. ஜப்பானின் வடக்கே ஹச்சினோஹே ஊரில் கால் நூற்றாண்டு டாக்ஸி ஓட்டிய மனிதர். போகிற வழியில் பனி கொட்டிச் சாலையை மூடியிருந்தால் ரயில் பிடிக்கப் பின்சீட்டில் ஏறியவரிடம் அதைச் சொல்ல மாட்டார். சத்தமில்லாமல் மீட்டரை நிறுத்திவிட்டுத் துறைமுகப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். ரயில் போன பிறகுதான் பயணிக்கு விஷயமே தெரியும். அப்போதும் இடுப்பு ஒடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக் காசு வாங்க மறுப்பார். தங்கமான மனுஷன் என்று கூட ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். தங்கம்தான். ரயிலைத் தவறவிட்டவன் அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று யாரும் கேட்டதில்லை.

அவர் மனைவி கினுயோ இதற்கு நேர் எதிர். சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் வேலை. யாராவது ஆப்பிள் பையைக் கொண்டுவந்து வைத்தால், "அடியில ரெண்டு அழுகியிருக்கு, வேற எடுத்துட்டு வாங்க" என்று மேனேஜர் காதில் விழும்படியே சொல்வாள். குழந்தை இல்லை. அவர் இரவு ஓட்டம் போய்விட்டால், கால் சூடாக்கும் மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு கையடக்க கேம் ஆடுவாள். ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு இது என்ன பழக்கம் என்று அவள் அக்கா தொகுகோ முணுமுணுத்ததுண்டு. கினுயோ அதைக் காதில் வாங்கியதே இல்லை.

அவள் விடாமல் ஆடியது ஒரே ஒரு கேம். பழைய சாமான் கடையில் யாரும் சீண்டாத கூடையில் கிடந்தது. கட்டம் கட்டமாகப் படையை நகர்த்திச் சண்டை போட வேண்டும். செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். ஒவ்வொரு நகர்வையும் கேம் தானே பதிந்துகொள்ளும். தப்பாக வைத்துவிட்டால் அழித்து ஆட வழியில்லை. திரையில் வெளிச்சம் கிடையாது, விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் எதுவும் தெரியும். குதிரைக்காரன் சில கட்டங்களில் பின்பக்கமாகப் பாய்வான். இத்தனை ஓட்டைகளுக்கு நடுவில் காதலும் உண்டு. இரண்டு பேரைச் சண்டையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தி வந்தால் அவர்களுக்குள் நெருக்கம் கூடும். கூடினால் முகாமில் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். மூன்று முறை பேசினால் கல்யாணம்.

புல்லட் ரயில் ஊருக்கு வந்த வருடம் செப்டம்பரில் கினுயோ வயிற்று வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பரிசோதனைகள் முடிந்ததும் இவாததே டாக்டர் மொரியோவை மட்டும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்.

"கணையத்துல புத்து. ஈரல் வரைக்கும் போயிடுச்சு. அறுவை பண்ற நிலைமையில இல்ல" என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "அவங்ககிட்ட சொல்லலாமா? நீங்க எப்படி நினைக்கிறீங்க?"

அப்போது அங்கே அப்படித்தான். நோய் யாருக்கோ அவரைக் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்காரரைக் கேட்பார்கள். கேள்வி போயும் போயும் மொரியோவிடம் வந்தது.

"வயித்துப்புண்ணுன்னு சொல்லிடுங்க டாக்டர்" என்றார் அவர்.

தொகுகோவும் நடைபாதையில் நின்று அழுதுகொண்டே தலையாட்டினாள். "நீங்க செய்யறதுதான் சரி தம்பி. தெரிஞ்சா அவ மனசு உடைஞ்சே போயிடுவா." நர்ஸுகளுக்குச் சொல்லி வைத்தார்கள். சூப்பர்மார்க்கெட் மேனேஜருக்கும் விஷயம் போயிற்று. எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணைச் சுற்றி வேலி கட்டினார்கள், அதற்கு அன்பு என்று பெயரும் வைத்தார்கள்.

அக்டோபர் கடைசியில், புண்ணுக்கு என்று சொல்லி ஏற்றிய மருந்து கினுயோவின் விரல்களை மரத்துப்போகச் செய்தது. பொத்தானை அழுத்த முடியவில்லை. ஒரு மத்தியானம் கேமைப் போர்வைமேல் தள்ளி, "நீங்க ஆடுங்க, நான் சொல்றேன்" என்றாள்.

மொரியோ வாழ்க்கையில் கேம் தொட்டதில்லை. "ஒண்ணுமே தெரியலயே இதுல."

"ஜன்னல் பக்கம் சாய்ங்க. இன்னும். ஏங்க, அது ஸ்டியரிங் இல்ல, ரெண்டு கையால இறுக்கிப் பிடிக்காதீங்க."

அவர் குதிரைக்காரனை நேராகச் சேற்றில் கொண்டுபோய் இறக்கினார். கினுயோ சிரித்தாள், சிரித்ததில் வயிறு வலித்து முகம் சுளித்தாள்.

"இவ்ளோ மட்டமான கேம ஏன்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறியோ."

"கேம் மட்டம்தான். ஆளுங்க அப்படி இல்ல."

அவள் மனதுக்குப் பிடித்தவர்கள் இரண்டு பேர். மிரேன் என்ற வில்காரி, வாயைத் திறந்தால் தேள் கொட்டும். பார்ட் என்பவன் கேடயம் தூக்குகிறவன், படையை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தவன். முதல் பேச்சில் அவன் தெரியாமல் அவள் வில்லை மிதித்து உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் நிற்பான். இரண்டாவது பேச்சில், ராத்திரியெல்லாம் ஏன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று அவள் கேட்பாள். மூன்றாவது பேச்சைக் கினுயோ பார்த்ததே இல்லை. முன்பு ஆடியபோதெல்லாம் இருவரில் ஒருவர் அதற்குள் செத்துப்போயிருந்தார்.

"ஆத்தத் தாண்டுற சண்டைக்கு முன்னாடி பேசியாகணும். தாண்டிட்டா அப்புறம் இல்ல. ரெண்டு பேரையும் பக்கத்துலயே வையுங்க, புரியுதா? அது ஒண்ணுதான் எனக்குப் பாக்கணும்."

"பாத்துக்கிறேன்" என்றார் மொரியோ.

டிசம்பரில் புல்லட் ரயில் ஊருக்கு வந்தது. ஸ்டேஷன் வாசலில் டாக்ஸிகள் நீளமாக வரிசை கட்டி நின்றன. இறங்கியவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். காத்திருந்த நேரமெல்லாம் மொரியோ கேமை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து ஆடினார். ஒருநாள் எங்கிருந்தோ வந்த அம்பில் மிரேனுக்கு உயிர் ஒரு துளிதான் மிஞ்சியது. மொரியோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தும் நகரவில்லை. அன்றிலிருந்து மிரேனைச் சண்டையிலிருந்தே விலக்கிக் கோட்டையின் பின்மூலையில், சாமான் வண்டிகளுக்குப் பின்னால் நிறுத்தினார். பார்ட் முன்னால் தனியாக அடிபட்டுக்கொண்டிருந்தான். மிரேனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதை நினைத்து மொரியோவுக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

அந்த வாரமே டாக்டர் அவரை மறுபடி கூப்பிட்டார். "வலி இப்போதைக்கு அடங்கியிருக்கு. வீட்டுக்குப் போய் இருக்கணும்னா இதுதான் நேரம். ஜனவரில நடக்காது."

மொரியோ அறைக்கு வந்தபோது கினுயோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டும் விட்டாள். "புது வருஷத்துக்கு வீட்டுக்கு விடுவாங்களா? நம்ம வீட்டு சூப் ஒரு வாய் குடிக்கணும் போல இருக்கு. நம்ம ஊர்ல போடற மாதிரி கோதுமை பிஸ்கட்ட உடைச்சுப் போட்டு, நானே வைக்கிறேன்."

புண் ஆறாமல் ஏன் அனுப்புகிறார்கள் என்று கேட்பாளே, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளே என்று அவருக்குக் கிலி பிடித்தது. "டாக்டர் வேணாம்னுட்டார்" என்றார். "புண்ணு ஆறட்டும், ஏப்ரல்ல போலாம்னார்."

"சரி, ஏப்ரல்ல போலாம்." அவள் அதை நம்பினாள். யார் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்கும் அந்தப் பெண் புருஷன் சொன்னதை நம்பினாள். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு ஆறாதது இதுதான்.

பிறகு கண்ணை மூடியபடி, "பேசிட்டாங்களா ரெண்டு பேரும்?" என்றாள்.

ஆற்றுச் சண்டை முந்தின நாளே முடிந்திருந்தது. முகாமில் யார் யாரோ பேசினார்கள், மிரேனும் பார்ட்டும் பேசவில்லை. ஏன் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பேசிட்டாங்க."

"என்ன பேசினாங்க? சொல்லுங்க."

கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, காதல் வசனம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "அவன் வந்து... நீ இருக்கிற பக்கம் எனக்குக் குளிர் தெரியலங்கிறான்."

"அதுக்கு அவ?"

"அடுப்புப் பக்கமாப் போய் உக்காருன்னா."

கினுயோ குலுங்கிச் சிரித்தாள். "அவளேதான். அப்புறம்?"

"அப்புறம் அவன், நான் ஒரு தடவ ஓடிப்போனவன், இனிமே ஓட மாட்டேன்னான். அவ பக்கத்துல வந்தா. அவன் கைல இருந்த கேடயத்த வாங்கிக் கீழ வச்சா."

"நல்லாருக்கு. நான் நினைச்சதவிட நல்லாருக்கு" என்றாள். எங்கிருந்து வந்தது இதெல்லாம் என்று மொரியோவுக்கே தெரியவில்லை. காரில் வந்து உட்கார்ந்து அழுதார்.

புது வருடம் ஆஸ்பத்திரியில் கழிந்தது. தொகுகோ பிளாஸ்கில் சூப் கொண்டுவந்தாள், கினுயோ இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கவில்லை. ஜனவரி நடுவில் ஒரு சாயங்காலம் மொரியோ கேமைக் கட்டிலில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனார். திரும்பி வந்தபோது அவள் அதை நெஞ்சின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்திருந்தாள். அந்த விரல்களால் எப்படி அழுத்தினாளோ.

"கல்யாணப் படம் இருக்குமேன்னு மிரேன் பக்கத்தத் திறந்தேன்" என்றாள். "வெத்தா இருக்கு. அவங்க பேசவே இல்ல."

மொரியோ டீயைக் கீழே வைத்தார்.

"ஏன்?"

"செத்துடுவாளோன்னு பயந்தேன்."

"அதனால?"

"பின்னாடி வச்சிட்டேன்."

"பின்னாடி அவகூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

கினுயோ கேமை மூடவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. "எனக்கு என்ன வியாதி?" என்றாள்.

வயித்துப்புண் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை மாதம் சொல்லிப் பழகிய வார்த்தை, அன்று மட்டும் வெளியே வரவில்லை. "புத்து" என்றார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தக் குட்டை நர்ஸுக்கு?"

"தெரியும்."

"கடைல?"

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டோம்."

"ஆக, ஊருக்கே அழுகல் எங்க இருக்குன்னு தெரியும். எனக்குத்தான் தெரியல." அவள் குரல் உயரவே இல்லை. "டிசம்பர்ல டாக்டர் வீட்டுக்கு வேணாம்னாரே, அது?"

அங்கே அவர் நிறுத்தியிருக்கலாம். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம், அவளால் அதைச் சரிபார்க்க முடியாது. இதுவரை செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, மொரியோ உண்மையைச் சொன்னார்.

"போகச் சொன்னார். நாந்தான் மறைச்சிட்டேன்."

கினுயோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட நர்ஸைக் கூப்பிட்டாள். மொரியோ தினமும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள், "வண்டிய எடுத்துட்டு வாங்க. வீட்டப் பாக்கணும்" என்றாள்.

டாக்டர் தயங்கித்தான் சம்மதித்தார். பின்சீட்டில் கினுயோவைப் படுக்கவைத்து, தொகுகோ நரம்பில் இறங்கும் மருந்துப் பையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே பனி பெய்தது. மொரியோ ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். அவர்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது, வீடு மூன்றாவது மாடி. முதுகில் தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். கதவைத் திறந்து தோளுக்கடியில் கை கொடுத்ததுமே கினுயோ அலறினாள். அத்தனை மாதத்தில் அவள் அலறி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம் தம்பி, விட்டுடுங்க" என்று தொகுகோ அழுதாள்.

மெதுவாக மறுபடி சீட்டில் சாய்த்தார்கள். மூச்சு சீரானதும் கினுயோ, "மேல போய் விளக்கப் போடுங்க. எல்லா ரூம்லயும் போடுங்க. நான் இங்கேந்து பாத்துக்கிறேன்" என்றாள்.

மொரியோ படியேறி ஓடினார். வீடு ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. சமையலறையில், படுக்கையறையில், குளியலறையில்கூட விளக்கைப் போட்டார். திரைகளை விலக்கிவிட்டுக் கீழே பார்த்தார். காரின் கூரையும் அதன்மேல் பனியும்தான் தெரிந்தன, அவள் முகம் தெரியவில்லை. கையைத் தூக்கிக் காட்டினார். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விளக்குகளை அணைக்காமல் இறங்கி வந்தார்.

"பாத்தியா கினு?"

"பாத்தேன்." அவள் இன்னும் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சமையல் ரூம் திரைய மாத்தணும், கருத்துப்போச்சு."

"மாத்திடறேன்."

"டிசம்பர்ல நானே ஏறியிருப்பேன்" என்றாள்.

மொரியோ வண்டியைக் கிளப்பினார். "நேர் ரோட்டுல பனி மூடிக் கிடக்கு, சுத்தித்தான் போகணும்" என்று பின்சீட்டுக்குச் சொன்னார்.