தராசில் ஏறிய தேங்காயெண்ணெய்

எழுபதுகளின் கடைசியில், என் மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது, நானே ஒரு சோப்பு செய்தேன். "நானே" என்று போடலாமா என்று எழுதும்போதுகூட ஒருமுறை யோசித்தேன். போடலாம். எண்ணெய்களைத் தேர்ந்தெடுத்ததும் நான், அளவைத் தப்பாகப் போட்டதும் நான், பிறகு அதைத் திருத்தியதும் நான்தான்.

கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் எல்லாருக்குமே தோல் வெளுக்கும். உதடு வெடிக்கும், காலில் நகத்தால் கோடு போட்டால் கோடு நிற்கும். என் மகளுக்கு அதோடு நிற்கவில்லை. முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் வறண்டு, செதில் செதிலாகி, கீறல் விட்டு ரத்தம் கசிந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடைச் சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. வெள்ளையாகத் திரிந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். பயத்தமாவு போட்டாலோ, அது கீறலுக்குள் புகுந்து அன்று முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பாள். குளிக்கத் தூக்கினாலே உடம்பை விறைத்துக்கொண்டு அழுவாள். டாக்டர் ஒரு களிம்பு கொடுத்து, "தோல்ல எண்ணெய்ப் பசையே இல்லீங்க, சோப்பு கம்மியா போடுங்க" என்றார். சோப்பே போடாமலும் பார்த்தோம். அழுக்கும் புண்ணும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

குழந்தையைக் குளிப்பாட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை இல்லை. என் கணவரின் அக்காவின் வேலை அது. தாய் இல்லாத என் கணவரைத் தூக்கி வளர்த்தவர் அவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் எல்லாம் அவர் சொல்படிதான் நடந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அண்ணி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது அடுப்படியில் நின்று அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நாம் ஏதாவது செய்ய வேண்டாமா என்று தோன்றும். உடனே, செய்து இன்னும் மோசமாகிவிட்டால் என்றும் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருப் பெண்களுக்குத் துணி சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள், "ஒரு கிலோ எண்ணெய்க்கு இவ்வளவு காஸ்டிக் சோடா" என்று சொல்லிவிட்டு, தகர அளவையில் மட்ட ரகத் தேங்காயெண்ணெயை மொண்டு ஊற்றினார். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரைந்து, அடுப்பில்லாமலே கொதிப்பதுபோல் சுட்டது. எண்ணெயோடு சேர்த்துக் கிளறக் கிளற அது கெட்டியாயிற்று. கல்லூரியில் நான் ஒரு வருடம் ரசாயனம் படித்திருந்தேன். எண்ணெயும் காரமும் கூடி, இரண்டுமே இல்லாத வேறொன்றாக மாறுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நல்ல எண்ணெய்களாகப் போட்டால் உடம்புக்கும் ஒன்று செய்ய முடியாதா?

அண்ணியிடம் சொன்னேன்.

"துணிக்குப் போடுற சவுக்காரத்த கொழந்தைக்குப் போடுவியா? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

"இது வேற மாதிரி அண்ணி. நல்ல எண்ணெயா பார்த்துப் போடப் போறேன்."

"செய்யி. செஞ்சி உன் மேல போட்டுக்க. கொழந்த கிட்ட மட்டும் வந்தது, அவ்ளோதான்."

என் கணவர் கீழ்பென்னாத்தூரில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தினமும் பஸ்ஸில் போய் வருவார். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "அக்கா வேணாம்னு சொல்லலியே, செய்யத்தான சொல்லுது. மல்லாட்ட எண்ணெய் எவ்ளோ வோணும் உனுக்கு?" என்றார். அவ்வளவுதான் அனுமதி. எனக்கு அது போதும்.

மூன்று எண்ணெய்களை எடுத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கத் தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் மட்டும் போட்டால் தோலை இழுத்துப் பிடிக்கும் என்று தோன்றியதால், மிருதுவாக்க, அவர் சொன்ன மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய். கடைசியாகக் கொஞ்சம் விளக்கெண்ணெய், ஏனென்றால் குழந்தையின் கீறலுக்கு அண்ணி தடவுவது அதைத்தான். தடவிய இடம் மறுநாள் காலைவரை பளபளவென்று இருக்கும். சோப்புக்குள்ளும் அந்தப் பசை நிற்கும் என்று நம்பினேன்.

குழந்தையை அண்ணியோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு, பின்கட்டில் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊறுகாய் ஜாடியில் காரத்தைக் கரைத்தேன். மீதிக் காரத்தைப் புட்டியில் போட்டு மூடி, துணி சுற்றிக் கட்டி, பரண்மேல் வைத்தேன். ஏறி இறங்கி மூடியை இன்னொரு முறை திருகிப் பார்த்தேன். பிறகு எண்ணெய்களைக் கலந்து, கார நீரை நூல்போல் விட்டு, மரத்துடுப்பால் கிளறினேன். தோசைமாவுப் பதத்துக்கு வந்து, துடுப்பால் இழுத்த கோடு அழியாமல் நின்றதும், வாட்டிய வாழையிலை விரித்த மரப்பெட்டியில் ஊற்றினேன். மறுநாள் அறுத்தபோது துண்டுகளின் அடியில் வாழையிலையின் வரிகள் பதிந்திருந்தன. பார்க்க அழகாக இருந்தது. மாதக் கணக்கில் காய வைத்தேன்.

அது அழகாக இருந்ததோடு சரி. மேலே வெள்ளையாக மாவு பூத்தது. அறுத்த ஓரங்கள் உதிர்ந்தன. காரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்தேன். சுரீரென்றது. அண்ணி பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, உப்பு கரெக்டா கீதா? சோத்துல ஊத்திக்கலாமா?"

எனக்கு வாய் எரிந்ததா முகம் எரிந்ததா தெரியவில்லை. அண்ணி ஒரு துண்டை எடுத்துப் போய்ப் பித்தளைக் குடத்தைத் தேய்த்தார். குடம் புதிதுபோல் ஆயிற்று. "பரவால்ல, ஒண்ணுக்காவது ஆச்சு" என்றார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை, குடத்தைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. குழந்தை தோலில் போட நினைத்தது குடம் தேய்க்கிறது. அண்ணி தடுத்திருக்காவிட்டால்? அதை நினைத்து நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனி இந்த வேலையே வேண்டாம் என்று துடுப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

விட முடியவில்லை. சொன்ன அளவைத்தானே போட்டேன், காரம் எப்படி மிஞ்சியது? அடுப்பில் பால் வைத்துவிட்டு இதையே நினைத்துப் பாலைப் பொங்கவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பத்துக்குக் கடைத்தெருவில் ஒரு கடை உண்டு. அத்தர், சாம்பிராணி, எண்ணெய், காஸ்டிக் சோடா எல்லாம் விற்பார்கள். அவருடைய வீட்டுக்காரர் தொழுகைக்குப் போகும் நேரத்தில் அக்கா வந்து கடையில் உட்காருவார். ஒரு நாள் சாம்பிராணி வாங்க நின்றிருந்தேன். ஒருவர் வந்து, "ஒரு கிலோ தேங்கா எண்ணெய் குடும்மா" என்றார். அக்கா லிட்டர் அளவையில் மொண்டு அவர் தூக்குவாளியில் ஊற்றினார். அவர் போய்விட்டார்.

நானும் அப்படித்தான் கேட்பேன். ஊரே அப்படித்தான் கேட்கும். கிலோ என்று கேட்போம், லிட்டர் வாங்குவோம். காஸ்டிக் சோடாவை மட்டும் படிக்கல் வைத்து நிறுத்து வாங்குவோம்.

"அக்கா, அந்த ஒரு லிட்டர தராசுல வெச்சிப் பாக்கலாமா?"

அக்காவின் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, கொறையுதா? எங்க வூட்டுக்காரு ஒரு சொட்டு கம்மி பண்ண மாட்டாரு, தெரியுமில்ல?"

"ஐயோ, அதில்லக்கா! அளவு சரியாத்தான் இருக்கு. எடை எவ்ளோன்னு பாக்கணும். என் சோப்பு எரியுதில்ல, அதுக்கு."

"எண்ணெய்ய எவனாவது எடை போடுவானா? ஊத்துனா ஊத்துனதுதான்" என்றவர், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ தராசை இறக்கினார். ஒரே மாதிரி இரண்டு புட்டிகள் எடுத்துக்கொண்டேன். ஒரு தட்டில் காலிப் புட்டியும் ஒரு கிலோ படிக்கல்லும். மற்றதில் லிட்டர் எண்ணெய் ஊற்றிய புட்டி. அக்கா தராசைத் தூக்கினார். கல் இருந்த தட்டு இறங்கியது. எண்ணெய்த் தட்டு மேலே ஏறி நின்றது.

"யா அல்லா!" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தமா சொல்லிடாத. வர்றவங்கல்லாம் தராசுல ஊத்த சொல்லுவாங்க" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. கடையில் நின்று அப்படிச் சிரித்திருக்கக் கூடாதுதான்.

கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்து மறந்திருந்த இன்னொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. எல்லா எண்ணெயும் ஒரே அளவு காரத்தை எடுத்துக்கொள்ளாது. தேங்காயெண்ணெய் அதிகம் எடுக்கும். கடலை எண்ணெயும் விளக்கெண்ணெயும் குறைவாகத்தான் எடுக்கும். தேங்காயெண்ணெய்க்கு உரிய காரத்தை நான் மூன்றுக்கும் சேர்த்துப் போட்டிருந்தேன். அதிலும் கிலோ என்று நினைத்தது கிலோ இல்லை. மிஞ்சாமல் என்ன செய்யும்?

அதன் பிறகு எண்ணெயை எடைபோடாமல் நான் தொட்டதில்லை. கோடை முழுக்க, பழைய எவர்சில்வர் டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் காரத்தைச் சற்றே குறைத்தேன். ஒன்று நாக்கில் எரிந்தது. ஒன்று வெண்ணெய்போல் உருகி, வெயில் ஏற ஏறச் சிக்கு வாடை அடித்தது. கடலை எண்ணெய் கூடினால் சோப்பு கொழகொழத்து, பெட்டியிலேயே கரைந்தது. அதைக் குறைத்துத் தேங்காயெண்ணெயைப் பாதிக்குமேல் கொண்டுவந்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் தயங்காமல் எழுதுகிறேன். எண்ணெய் முழுவதையும் சோப்பாக மாற்றப் போதுமான காரத்தைப் போடாமல், வேண்டுமென்றே ஒரு சிட்டிகை குறைவாகப் போட்டால், கொஞ்சம் எண்ணெய் எண்ணெயாகவே உள்ளே தங்கிவிடும் இல்லையா? அழுக்குப் போகும்போது அந்த எண்ணெய் தோலில் தங்கும். ஒரு சிட்டிகைதான். கூடினால் வாடை அடிக்கும் என்று டம்ளர் ஏற்கெனவே காட்டியிருந்தது.

ஐப்பசியில் அந்தச் சோப்பு காய்ந்து தயாரானது. நாக்கில் வைத்தேன். சோப்புச் சுவை மட்டும்தான், எரிச்சல் இல்லை. மறுபடியும் வைத்தேன். என் கையில் போட்டேன், முகத்தில் போட்டேன், காதுக்குப் பின்னால் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அண்ணியிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டு அவர் மறுத்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். சரி என்று சொல்லி, பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அண்ணியே கேட்டார். "இன்னா, டம்ளரு டம்ளரா காய்ச்சினியே, ஆச்சா?"

"ஆச்சு அண்ணி."

"குடு இங்க. மொதல்ல என் மேல போட்டுப் பாக்கறேன். என் தோலும் கொழந்த தோலு மாதிரி காஞ்சிதான் கெடக்குது. எனக்கு எரியலன்னா அப்புறம் பேசலாம்."

கொடுத்தேன். குளித்துவிட்டு வந்தார். ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் ஈரத் தலையோடு என்னைக் கடக்கும்போதெல்லாம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாரங்கள் போயின. கார்த்திகை பிறந்தது. தீபத்துக்கு வந்த உறவுக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். சோப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. பனி ஆரம்பித்தது. மகளின் முழங்கையில் முதல் செதிலைப் பார்த்தேன். பழையபடிதான் ஆகப்போகிறது என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணி குழந்தையை ஒரு கையில் தூக்கிக்கொண்டார். மாடத்திலிருந்த என் சோப்பை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். என்னைக் கேட்கவில்லை. நான் அரைத்துக்கொண்டிருந்த சட்னியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"இன்னாத்துக்கு ஓடி வர? சட்னி கையோட?"

"இல்ல அண்ணி, சும்மா."

உப்புத் தண்ணீரில் நுரை வந்தது. குழந்தை முதலில் வழக்கம்போல் விறைத்தாள், வாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை. நுரையைப் பார்த்துவிட்டுக் கையால் தட்டினாள். அண்ணியின் முகத்தில் தெறித்தது. "ஏய்!" என்றார் அண்ணி, சிரித்துக்கொண்டே.

மார்கழி முழுக்க அப்படித்தான் குளித்தாள். மடிப்புகளின் சிவப்பு முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கீறல் விடவில்லை. ரத்தம் வரவில்லை. அந்த மாதத்தில் ஒரு நாள், துவட்டி உட்கார வைத்த குழந்தையின் முழங்காலைத் தடவிப் பார்த்தேன். தோல் வழவழவென்று இருந்தது. எனக்கு மறுபடியும் சந்தேகம். இது சோப்பால் ஆனதுதானா, அல்லது அண்ணி எனக்குத் தெரியாமல் வேறு ஏதாவது தடவுகிறாரா?

"அண்ணி, இவளுக்குக் குளிச்சதும் விளக்கெண்ணெய் தடவறீங்களா?"

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்து வீட்டு அக்காவும் அப்போது அங்கே நின்றிருந்தார். அவருக்கும் கேட்கும்படிதான் அண்ணி பதில் சொன்னார்.

"எண்ணெய் இன்னாத்துக்குத் தனியா? அதான் நீ சோப்புக்குள்ளயே வெச்சிட்டியே. கட்டி தீரப் போவுது, அடுத்தது எப்ப காய்ச்சப் போற?"