சிரித்துக்கொண்டே எழுந்தவர்

கடைத்தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுகூட வாய் சும்மா இருக்காது. "வழி விடுங்க, வழி விடுங்க! என்மேல இடிச்சா எனக்கு வலிக்கும், இதுமேல இடிச்சா உங்களுக்கு வலிக்கும்" என்று குரல் கொடுத்தபடியே போவார். முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண்மணி, "இதுல நான் குண்டாத் தெரியுறேனே" என்று குறைப்பட்டபோது, "அதுக்குத் தனியா காசு வாங்குறதில்லம்மா" என்று சொல்லி, அந்த வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டவர்.

விடுமுறை நாளில் மட்டும் குடிப்பார். கூட்டு, மனைவியின் தம்பி. சரக்கு வேன் ஓட்டுகிறவன். இடம், அவன் வீட்டு மொட்டை மாடி. மனைவி சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வார் என்பது அவளுக்கு அத்துப்படி. வாசலிலேயே பாட ஆரம்பிப்பார். மாமியாரை வானளாவப் புகழ்வார். சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார். வாந்தி எடுத்ததே கிடையாது.

அன்று மதியம் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தரை ஈரமாக இருந்தது. நாற்காலியின் பின்கால் வழுக்கியது. அப்படியே மல்லாந்து விழுந்ததில் பின்மண்டை தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் மோதியது. மச்சினன் பதறி எழுவதற்குள் அவரே சிரித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தொட்டிக்கு ஒண்ணும் ஆகலையே மாப்ளே?"

மச்சினனும் விழுந்து விழுந்து சிரித்தான். ரத்தம் இல்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. இன்னும் ஒரு ரவுண்டு ஊற்றினார்கள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மச்சினன் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு நடத்திக் கூட்டி வந்தான். பாட்டு இல்லை. மனைவி அதைக் கவனித்தாள். ஆனால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"கடை ஷட்டர இறக்கியாச்சா?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் கடையே இல்லையேங்க. லீவு."

"ஓ, லீவா." தலையாட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "கடை ஷட்டர இறக்கியாச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். "நல்லாத்தான் ஏத்தியிருக்கீங்க."

மூன்றாம் முறையும் அதே குரலில், அதே வார்த்தையில் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போதையில் உளறுகிறவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். இவர் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். விளக்கைப் போட்டதும் முகத்தைக் கையால் மறைத்தார். பிறகு எழுந்திருக்கக்கூட நேரமில்லாமல் கட்டிலோரம் வாந்தி எடுத்தார்.

"எங்கயாவது விழுந்தாராடா?"

தம்பி தரையைப் பார்த்தான். "சேர் சரிஞ்சிருச்சுக்கா. லேசாத்தான். மாமாவே சிரிச்சுக்கிட்டு எழுந்துட்டாரு."

"தலையில பட்டுச்சா?"

"பட்டுது. ஆனா அதுக்கப்புறம் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. குடிச்சா வாந்தி வராதாக்கா? தூங்கி எழுந்தா சரியாயிடும்."

அவள் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டாள்.

"யாரு விழுந்தா?" என்றார் அவர். பொய் சொல்லும் முகம் இல்லை அது. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவள் உடனே எழுந்தாள். அவசர உதவிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண்ணிடம் விழுந்ததைச் சொன்னாள், வாந்தியைச் சொன்னாள், திரும்பத் திரும்பக் கேட்பதைச் சொன்னாள். குடித்திருப்பதைச் சொல்லத்தான் நாக்கு கூசியது. அதையும் சொன்னாள்.

"போதையா அடியான்னு வீட்ல இருந்து பிரிச்சுப் பாக்க முடியாதும்மா. தலையில பட்டிருக்குன்னு தெரிஞ்சா அடின்னுதான் எடுத்துக்கணும். போதை இறங்கட்டும்னு காத்திருக்காதீங்க. வண்டி அனுப்புறேன். தனியா விடாதீங்க. சாப்பிட, குடிக்க எதுவும் குடுக்காதீங்க."

தம்பி வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். "வண்டி வர்ற வரைக்கும் எதுக்குக்கா? நானே ஓட்டிட்டுப் போறேன்." அவன் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தான். அவள் சாவியைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவன் ஓட்டும் நிலையில் இல்லை. வேன் தெருமுனையில் தம்பி வீட்டு வாசலில் சும்மா நின்றது.

அந்தப் பேச்சில் இருவரும் முகம் திருப்பியிருந்தபோது அவர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

"என்னங்க! கதவத் திறங்க! என்னங்க!"

அவள் உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். தம்பி தோளால் முட்டினான். முதல் முட்டில் அவனே சறுக்கி விழுந்தான். அடுத்த முட்டில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. அவர் ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கியதும் கண் திறந்தது. "எதுக்கு எல்லாரும் கத்துறீங்க?" என்று சிடுசிடுத்து, அவள் கையைத் தட்டிவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கை அவள்மேல் அப்படிப் பட்டதில்லை.

இருவருமாக அவரைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலையவில்லை. அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, பேர் சொல்லச் சொன்னாள், ஊர் சொல்லச் சொன்னாள். சிலதைச் சொன்னார். சிலதற்கு "விடு, தூக்கம் வருது" என்றார். தம்பி மூலையில் குந்தி, "நானும் சிரிச்சேன்க்கா, நானும் சிரிச்சேன்" என்று அழுதான். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு இல்லை. "கும்பிட்ட சாமி காப்பாத்திருச்சு" என்று தம்பி கைகூப்பினான். டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"ரத்தக்கசிவு இல்லன்னா அடி இல்லன்னு அர்த்தமில்ல. மூளை நல்லாக் குலுங்கியிருக்கு. அது ஸ்கேன்ல தெரியாது. தலைவலி கூடிக்கிட்டே போனா, மறுபடி மறுபடி வாந்தி வந்தா, எழுப்பி எழுந்திருக்கலன்னா, கைகால் மரத்துப்போனா உடனே தூக்கிட்டு வந்துடணும். குடி கூடவே கூடாது. இன்னொரு அடி படவே கூடாது."

அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா சொன்ன எதுவும் வரவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

கண்ணாடிக்காரர் கடை திறந்த அன்றே ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார். வெயில் பட்டு ஒவ்வொரு கண்ணாடியும் கண்ணில் ஊசியாய்க் குத்துகிறதாம். பிறகு ஒருநாள் ஒரு ஜன்னல் அளவை எடுத்துவிட்டு, பலகைக்குத் திரும்பி வருவதற்குள் மறந்துபோனார். மறுபடி அளந்தார். மறுபடி மறந்தார். கண்ணாடியைத் தப்பாக வெட்டி, வெட்டியதைத் தூக்கித் தரையில் அடித்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர், "ஆள் கல்லுக்குண்டாட்டம் இருக்காரு, இவருக்கென்ன நோவு?" என்றார். கட்டு இல்லை, தையல் இல்லை. யாரிடம் எதைக் காட்டுவது?

வீட்டில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கிடந்தார். அவள் தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போய்வந்தாள். பாத்திரம் உருட்டினால் எரிந்து விழுந்தார். எரிந்து விழுந்ததற்காகப் பிறகு அழுதார். சமாதானம் சொன்னால் அதற்கும் கோபம் வந்தது. சொல்லாமல் இருந்தாலும் வந்தது.

மறுபடி காட்டப் போனபோது அவள் கேட்டாள்: "எப்ப சரியாகும் டாக்டர்?"

"நிறையப் பேருக்குச் சில வாரத்துல தேறிடும். சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். அவசரப்படாம கொஞ்சம் கொஞ்சமா வேலைக்குத் திரும்பணும்."

"இவருக்கு?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "தேதி சொல்ல முடியலம்மா."

திரும்பும் வழியில் பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. சிக்னல் விழுந்து வண்டிகள் நின்றன. எல்லோரும் சாலையில் இறங்கிக் கடந்தார்கள். அவர் நடைபாதை விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஹாரன் சத்தத்துக்குக் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"போலாமாங்க?"

"இரு."

வண்டிகள் மறுபடி கிளம்பின. சிக்னல் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.