கடுகளவு கொழுப்பு

எங்கள் வீட்டுத் தோசைக்கல் ஒரு மோட்டார் சைக்கிளால் பாழாய்ப்போனது. என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், பாட்டிக்கு வயசாகிவிட்டது என்று அவர்களுக்குள் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள். அதனால் முழுக்கச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

அப்போது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் செம்பவாங் பக்கம் வேலை. பஸ்ஸிலேயே பாதி வாழ்நாள் போகிறது என்று அலுத்துக்கொண்டு, ஊர் திரும்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்துவிட்டார். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. சாயங்காலமானால் முறத்தோடு ஜன்னலோரம் நின்று அரிசியில் கல் பொறுக்குவாள். சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் முறத்தை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போய்விடுவாள். அந்தச் சத்தம் பிடிக்காமல்தான் போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கோ அந்த வண்டி என்றால் உயிர். எட்டு வயது. ஆயுத பூஜை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்து சாங்கிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். சந்தில் இருந்த அத்தனை பிள்ளைகளிடமும் அதைச் சொல்லி முடித்திருந்தேன்.

பூஜைக்கு வண்டியைத் தயார் செய்யும் பொறுப்பைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. அப்போதுதான் ஒரு தமிழ் மன்றத்தில் சேர்ந்திருந்தார். பார்ப்பதற்கெல்லாம் தமிழில் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். பிரேக் 'நிறுத்தி' ஆனது. கிரீஸுக்கு என்ன சொல்வதென்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் 'கொழுப்பு' என்று வைத்தார். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பூஜையன்று பின்சந்தில் வண்டியைச் சாய்த்துப் போட்டுச் சக்கரங்களைக் கழற்றினார் சித்தப்பா. சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு டிரம். அதற்குள் இரண்டு பிரேக் கட்டைகள். பெடலை மிதித்தால் ஓர் இரும்பு முனை திரும்பி அந்தக் கட்டைகளை விரிக்கும், அவை டிரம்மை உராய்ந்து பிடிக்கும். கிரீஸ் தடவ வேண்டியது அந்த முனையில் மட்டும்தான். சித்தப்பாவோ நல்ல நாளும் அதுவுமாக யாருக்கும் குறை வைக்கக்கூடாதென்று, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது மாதிரி, மஞ்சள் கிரீஸை விரல் விரலாக எடுத்து உள்ளே பூசினார். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது சந்தே கைதட்டியது.

இரண்டு நாள் வண்டி நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் அப்பா முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். செம்பவாங் போய்ச் சேரும் இடத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வழுக்கியதாம். எதிரே லாரி வர, வண்டியை லாலாங் புல்லுக்குள் விட்டுவிட்டாராம். சும்மா கீறல்தான் என்றார். கீழ்க்கடைக்காரர் திருஷ்டி என்றார். சித்தப்பா உடனே போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்து உடைத்தார். மறுநாளும் வழுக்கியது. புறப்படும்போது பிடிக்கும், தூரம் போகப்போகப் பிடிக்காது. வேலையை விட முடியாது, மறுபடி பஸ்ஸில் பாதி வாழ்நாளைத் தொலைக்கவும் முடியாது என்று அப்பா வண்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். என் கடற்கரைப் பயணம் அந்தரத்தில் நின்றது.

மறுநாள் காலையில் அம்மா வண்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. சக்கரத்துக் கம்பிகளில் மஞ்சளாக ஏதோ வழிந்து உறைந்திருந்தது. விரலால் சுரண்டி மோந்து பார்த்தாள். நேராகச் சித்தப்பாவிடம் வந்து நின்றாள்.

"தம்பி, கொழுப்பு ஜாஸ்தி. அதான் நிக்க மாட்டேங்குது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தப்பாவைப் பார்த்து அம்மா இப்படிச் சொல்லிவிட்டாளே, இனி வீட்டில் சண்டைதான் என்று பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தப்பா முகம் சுருங்கியது. "நல்ல சாமான் லா அண்ணி" என்று மட்டும் சொன்னார். அம்மா விடவில்லை. நெய்ச் சட்டி சூடானால் உருகி வழிகிறது, ஆறினால் உறைகிறது, சக்கரத்தில் இருப்பதும் அப்படித்தான் உறைந்திருக்கிறது, ஓடி ஓடிச் சூடானதும் உள்ளே என்ன செய்திருக்கும் என்று கேட்டாள். சக்கரத்தைத் திறந்தார் சித்தப்பா. கட்டைகள் இரண்டும் நெய்யில் ஊறிய பணியாரம் மாதிரி பளபளத்தன. பாவம், அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

சுங்கை ரோட்டில் புதுப் பிரேக் கட்டை வாங்கப் போனவரிடம், கடையில் இருக்கும் கிரீஸ்களில் வகைக்குத் துளி கேட்டு வாங்கி வரச் சொன்னாள் அம்மா. காகிதத்தில் மடித்து மூன்று வகை வந்தன. இருப்பதிலேயே நல்லது என்று கடைக்காரர் மூன்றையுமே சொன்னாராம்.

அம்மா அடுப்பைப் பற்ற வைத்துத் தோசைக்கல்லைப் போட்டாள். கல்யாணமாகிக் கப்பலேறியபோது கூடவே கொண்டுவந்த கல் அது. எங்களைத் தொடக்கூட விடமாட்டாள். தண்ணீர் தெளித்துச் சூடு பார்த்தாள். பிறகு மூன்று கிரீஸையும் ஒவ்வொரு சொட்டு அதன்மேல் வைத்தாள். மஞ்சள் உடனே உருகி ஓடியது. அடுத்தது கொஞ்சம் யோசித்துவிட்டுப் புகைந்து ஓடியது. கறுப்பு மட்டும் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை. அடுப்பைத் தூண்டிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் அது அசையவில்லை. வீடெல்லாம் நாற்றம்.

கறுப்பு கிரீஸ் இருந்த காகிதத்தைச் சித்தப்பாவிடம் நீட்டி, "இது. இதுலயும் கடுகளவு" என்றாள்.

டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, புதுக் கட்டை மாட்டி, கடுகளவு என்றால் உண்மையிலேயே கடுகளவு, தீக்குச்சி நுனியால் தொட்டு வைத்தார் சித்தப்பா. தோசைக்கல்லை அம்மா புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நாற்றம் போகவே இல்லை. கடைசியில் அது தண்ணீர்ப் பானைக்கு மூடியானது. பல மாதம் வீட்டில் தோசை இல்லை. சித்தப்பாவை மட்டம்தட்டுவதற்காக என் தோசையில் மண்ணைப் போட்டுவிட்டாளே என்று எனக்கு அம்மாமேல் அவ்வளவு கோபம். அந்தக் கல்லை அவள் எதற்காக இழந்தாள் என்று புரிய வெகுநாளானது. அதற்காக அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை நான். சித்தப்பா என்னைவிட மேல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் கொழுப்பை அடக்கியது எங்கள் அண்ணிதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரட்டைச் சடை போட்டு, புதுக் கவுன் மாட்டிக்கொண்டு நான் கீழே போய் நின்றேன். அப்பா வண்டியைக் கிளப்பினார். நான் ஏறப்போகும்போது அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"என்னங்க, முதல்ல மவுண்ட் எமிலி மேட்டுல ஏறி இறங்கிட்டு வருவோம். நானும் வரேன்."

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முன்னால் நகர்ந்து இடம் விட்டார். அம்மா கையிலிருந்த இரண்டு பொன் வளையல்களையும் கழற்றி என் கையில் போட்டாள். "உனக்குத்தான், பத்திரமா வெச்சுக்கோ" என்றாள். சித்தப்பாவிடம் திரும்பி, "தம்பி, புள்ளையப் பாத்துக்குங்க" என்றாள். ஏறி உட்கார்ந்து அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி போயே போய்விட்டது.

நான் தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எனக்கென்று சொன்ன முதல் சவாரியை அம்மா தட்டிப் பறித்துக்கொண்டாளே என்ற ஆற்றாமை. சித்தப்பா ஐஸ் பந்து வாங்கித் தந்து பார்த்தார், நான் மசியவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து வண்டி வந்தது. அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. இறங்கியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நிக்குது" என்றாள் சித்தப்பாவிடம். என்னிடம், "இப்ப நீ ஏறு" என்று சொல்லி வளையலுக்குக் கையை நீட்டினாள்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "எனக்குத்தான்னு நீதானே குடுத்தே" என்றேன்.

அம்மா என்னை வாரி இடுப்பில் தூக்கிக்கொண்டாள், எட்டு வயதுப் பெண்ணை, நடுச்சந்தில். "ஆமாண்டி, குடுத்தேன். இப்ப நான்தான் வந்துட்டேனே, திருப்பிக் குடு" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு வண்டிச் சவாரிக்கா இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.